தவக்காலத்துப் பருந்துகள்

விவேக் நகரில் பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தால், வீட்டுக்குள் இருக்கிற வயசான பெண்கள் சிலர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூவேளை செபம் சொல்வார்கள். அதே மணிக்கு ஆம்ப்ரோஸின் கோழிக்கடைக்குப் பின்னால் இருக்கிற காலி சைட்டின் மேல் பருந்துகள் வந்து வட்டம் போடும். செபம் சொல்கிறவர்களைவிடப் பருந்துக் கூட்டம்தான் பெரிது என்பதில் ஆம்ப்ரோஸுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

"கத்தோலிக்கப் பருந்துங்க சார், மணி அடிச்சாத்தான் வரும்" என்பார். மணி அடித்ததும் அவர் பக்கெட்டோடு வந்து நிற்பதால்தான் அவை வருகின்றன என்பதை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கம் மூடியதும் ஊரே ரயிலேறிப் பெங்களூருக்கு வந்தபோது அவரும் வந்து, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முட்டைக்கடை போட்டார். கட்டடம் சேஷகிரியின் அப்பாவுடையது. பூண்டைக்கூட வாசலுக்கு வெளியே உட்கார்ந்து உரிக்கிற குடும்பம் அது. அப்படிப்பட்டவர்கள் கோழிக்கடைக்கு எப்படி இடம் கொடுத்தார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கொடுக்கவில்லை. முட்டைக்கடைக்குத்தான் கொடுத்தார்கள். முட்டை என்றைக்காவது கோழியாகும் என்பதை அந்தப் பெரியவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் காலத்துக்குப் பிறகு, விதான சவுதாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற சேஷகிரி மாடியில் குடியிருந்துகொண்டு, அப்பா விட்டுப்போன சொத்தில் இந்த வாசனையையும் சேர்த்து அனுபவித்து வந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆம்ப்ரோஸ் பக்கெட்டில் கைவிட்டுக் குடலும் தோலுமாக அள்ளி மேலே வீசுவார். ஒரு துண்டு மண்ணில் விழாது. பாய்ந்து வந்து காலால் பிடித்து, பறந்துகொண்டே குனிந்து தின்னும் பருந்துகள். இடது கால் மடங்கிய ஒன்றுக்கு நொண்டி என்று பெயர். பின்புறத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் வருஷாவருஷம் கூடு கட்டுகிற ஜோடிக்கு மாப்பிள்ளை, பொண்ணு என்று பெயர்.

"எல்லாம் என் பிள்ளைங்க" என்பார்.

"பெத்த பிள்ளை பொம்மசந்திராவுலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஒரு போன் பண்றான். இதுங்க தினம் வருது. பாசம் எங்க போகும்?" என்பாள் அவர் மனைவி குளோரியா. மகன் ஜாய்சன் அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

அந்தப் பக்கெட்டுக்குள் இருந்தது சாதாரணச் சமாச்சாரம் இல்லை. தாவணகெரேப் பக்கத்து வெயிலைக் குடித்து மக்காச்சோளம் விளைகிறது. குடித்ததில் பெரும்பங்கைத் தன் செலவுக்கே வைத்துக்கொண்டு, மிச்சத்தை மணியாகத் தருகிறது. அது தீவனமாகி ஆனேக்கல் பக்கத்துப் பண்ணையில் கோழிக்குள் போகிறது. கோழி தின்றதெல்லாம் கறியாவதில்லை. பாதி நடையில் போகும், பாதி கொக்கரிப்பில் போகும், இன்னொரு பாதி உடம்புச் சூட்டில் போகும். தேறியது விவேக் நகரின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. அதிலும் மனிதன் வேண்டாமென்று ஒதுக்கியதுதான் பக்கெட். ஆகாயத்திலிருந்து புறப்பட்ட வெயில் இத்தனை வயிறு ஏறி இறங்கி, ஒவ்வொரு படியிலும் இளைத்து, மறுபடி ஆகாயம் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆம்ப்ரோஸின் கைவழியாகத்தான் போக வேண்டும். படித்தவர்கள் இதை ஒரு தாளில் வரைந்து அம்புக்குறி போடுவார்கள். ஆம்ப்ரோஸ் அந்தப் படத்தில் தன்னைச் சூரியன் இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது.

தவக்காலத்தில் அந்தத் தெருக்களில் கறி வாங்குவது பாதிக்கும் கீழே போய்விடும். வெள்ளிக்கிழமை கடையைத் திறப்பதே ஈ ஓட்டத்தான். குளோரியா வீட்டில் நாற்பது நாளும் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பகலெல்லாம் கோழி வெட்டுகிற மனுஷர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் பொரியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வருஷாவருஷம் நடப்பதுதான். ஆனால் வருஷாவருஷம் பருந்துகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்தார், தன் புகழ் பரவுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

மணி அடித்தது. பக்கெட்டில் அடி மட்டும்தான் நிறைந்திருந்தது. ஆம்ப்ரோஸ் நாலு கை வீசினார், முடிந்தது. பருந்துகள் போகவில்லை. மொட்டைமாடியில் தண்ணி டேங்க்கைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து, பந்தியில் அடுத்த பரிமாறலுக்குக் காத்திருக்கிற உறவுக்காரர்கள் மாதிரி அவரையே பார்த்தன. மரத்தில் மாப்பிள்ளை, பொண்ணு வீட்டில் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் சேஷகிரி மொட்டைமாடிக்கு ஏறினார். வெயிலில் உட்காரச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி ருக்மிணி சும்மா உட்கார வேண்டாம் என்று ஒரு மத்தூர் வடையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். முதல் கடி கடிக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது. வடை போயிற்று. இரண்டாவது காற்றில், முடி என்று எதுவும் தடுக்க இல்லாத தலையில் மூன்று கோடு விழுந்தது.

டி.டி. ஊசி போட்டுக்கொண்டு தலையில் பஞ்சோடு வந்து மாடிப்படியில் நின்று ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்.

"வடையை எடுத்துச்சு, சரி. தின்னுச்சா? அதுவும் இல்ல. பின்னாடி சைட்டுல போட்டுட்டுப் போயிடுச்சு."

"அதுக்குக் கறி வாசனை இல்லேன்னா பிடிக்காது சார்."

"எங்க வீட்டு வடையில கறி வாசனை வர்ல, தப்புதான்."

"அப்படிச் சொல்லலை சார்."

"இத பாரு ஆம்ப்ரோஸ். எங்கப்பா முட்டைக்குக் கொடுத்தாரு. நீ கோழி போட்டே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன். இப்ப பருந்தும் போட்டிருக்கே. அடுத்தது இன்னா, முதலையா? ஈஸ்டரோட அக்ரிமென்ட் முடியுது. அதுக்குள்ள என் மொட்டைமாடியில நான் உக்காரணும். இல்லேன்னா கடையை வேற எங்கயாவது பார்த்துக்கோ."

சேஷகிரி கோபத்தில் பேசியிருந்தால் ஆம்ப்ரோஸ் பயந்திருக்க மாட்டார். விதான சவுதாவில் ஃபைலை மூடுகிற குரலில் பேசினார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஆம்ப்ரோஸ் முட்டைக்கோஸைக் குறை சொல்லவில்லை. இந்தத் தெருவை விட்டால் அவருக்கு வாடிக்கை கிடையாது. ஐம்பதைத் தாண்டின வயசில் ஈஜிபுராவில் போய் யாருக்கு முகம் தெரியும்?

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. போடுவதை நிறுத்தினால் போய்விடும். மறுநாளிலிருந்து கழிவையெல்லாம் மூடி போட்ட டிரம்மில் அடைத்து மாநகராட்சி வண்டிக்குக் கொடுத்தார். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி ஃபாதரிடம் கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பருந்துகள் வந்து வட்டம் போட, ஆம்ப்ரோஸ் ஷட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்பார்.

"யாரைப் பார்த்து ஒளியறீங்க?" என்று கேட்டாள் குளோரியா.

"நொண்டி பார்க்குது."

ஒரு வாரத்தில் கூட்டம் கரைந்தது. போய்விட வேண்டும் என்று நினைத்தவருக்கு, அவை போனதும் பொறுக்கவில்லை. பட்டினி கிடந்து எங்கேயாவது விழுந்திருக்குமோ என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றினார். பக்கத்து நீலசந்திராவில் இலியாஸ் பாயின் கடைக்கு மேலே ஆகாயம் கறுத்திருந்தது. அந்த வருஷம் ரம்ஜானும் தவக்காலத்தோடு சேர்ந்து வந்திருந்தது. இங்கே நோன்பு என்றால் கறி கிடையாது. அங்கே நோன்பு என்றால் சாயங்காலம் நோன்பு திறக்கக் கறி. மதியம் தாண்டியதும் இலியாஸ் பாய் கடையில் கூட்டம் நெரியும், கொழுப்பும் சவ்வும் கூரைமேல் பறக்கும். விவேக் நகரின் சாமி குறைத்ததை நீலசந்திரா பார்த்துக்கொண்டது.

கூரை விளிம்பில் நொண்டி உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாய், அது என் பருந்து" என்றார் ஆம்ப்ரோஸ்.

இலியாஸ் பாய் கத்தியை நிறுத்தாமல் மேலே பார்த்தார். "எது பா? எல்லாம் ஒரே கலர்ல இருக்கு."

"அந்த நொண்டி. குஞ்சா இருந்தப்பலேர்ந்து நான் போட்டு வளர்த்தது."

"ஹௌ? அப்படியா? இங்க வந்து உக்காந்து மூணு நாளா திங்குது, உங்க பேரைச் சொல்லவே இல்லையே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்தார். வீட்டுக்கு வந்து குளோரியாவிடம் மட்டும், "என்னைப் பார்த்துது. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு" என்றார்.

கூட்டம் போனாலும் ஜோடி போகவில்லை. கூட்டில் குஞ்சு இருக்கும்போது எங்கே போகும்? ரொம்பத் தூரம் போனால் கூட்டைக் காக்கைக்கு விட வேண்டும், போகாவிட்டால் வயிற்றை விட வேண்டும். மாப்பிள்ளை கிடைத்ததையெல்லாம் எடுக்க ஆரம்பித்தது. ருக்மிணி பால்கனியில் வருஷக்கணக்காகப் புறாக்களுக்குக் கடலை போட்டு வந்தாள். புறாக்கள் அங்கேயே முட்டையிட்டுப் பெருகியிருந்தன. கீழ்த்தளத்தில் பக்கெட் போடுகிற ஆளைப் பற்றி அவளுக்கும் நிறைய அபிப்பிராயம் உண்டு. தானும் பக்கெட்தான் போடுகிறோம் என்பது அவளுக்கும் தோன்றியதில்லை. மாப்பிள்ளை புறாக்குஞ்சு ஒன்றை அவள் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனது.

சேஷகிரி தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டார். காக்கைக்கும் பருந்துக்கும் ஆகாது. காக்கையைச் சேர்த்தால் பருந்து ஓடும். தினம் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற வீடு, ஒரு குண்டான் வைத்தது. காக்கைகள் வந்தன. முதல் நாள் மாப்பிள்ளையைக் கோயில் கோபுரம் வரைக்கும் துரத்தின. இரண்டாம் நாள் டேங்க்கின் மேல் உட்கார்ந்து பார்த்தன. மூன்றாம் நாளிலிருந்து தின்றுவிட்டு நிழலில் தூங்கின. ருக்மிணி காயவைத்த வடகம் எல்லாம் அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

"சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை செய்யாத ஆளுங்களை உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் ருக்மிணி. முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி வேறெங்கோ உறைத்தது.

சேஷகிரிக்கு இன்னும் இரண்டு கோடு விழுந்தது. அக்ரிமென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் வேலையே இல்லாததால் ஆம்ப்ரோஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். சிலுவைப்பாதைக்குப் போய் வந்த குளோரியாவும், இந்த ஆள் என்ன பண்ணுகிறார் பார்ப்போம் என்று ஒரு குடையோடு பின்னால் வந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூடு நேராகத் தெரிந்தது. குச்சிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கவரும், சேஷகிரியின் பனியன் ஒன்றும் விரித்திருந்தது. உள்ளே வெள்ளைப் பஞ்சாக இரண்டு குஞ்சு. ஒன்று பெரிசு, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. மற்றது அதில் பாதிகூட இல்லை; ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. பொண்ணு ஒரு எலிவாலைக் கொண்டுவந்தது. பெரிசு முழுங்கியது. சின்னது தலையைத் தூக்கக்கூட இல்லை.

"அதுக்குக் குடுக்கலை" என்றார் ஆம்ப்ரோஸ்.

"இருக்கிறது ஒண்ணு. யாருக்குக் குடுக்கும்?"

மறுநாள் போய்ப் பார்த்தபோது பெரிசு மட்டும்தான் இருந்தது.

ஆம்ப்ரோஸ் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வெட்டுப்பலகையைத் துடைத்தார். துடைத்த பலகையையே மறுபடி துடைத்தார். குளோரியா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"போன வருஷம் ரெண்டும் பொழைச்சிது. அதுக்கு முந்தி மூணு. நான் நிறுத்தினேன், ஒண்ணு போச்சி. நான் இல்லேன்னா இதுங்க செத்துடும்."

"நீங்க இல்லேன்னா இதுங்க இங்க பொறந்தே இருக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பார்க்கறீங்க? நாம இங்க வந்தப்ப இந்த மரத்துல எத்தினி பருந்து இருந்துச்சி? ஒண்ணோ ரெண்டோ. பக்கெட்டு பெரிசாச்சி, பருந்து பெரிசாச்சி. ஊரு திங்கறப்ப அதுங்க திங்கும், ஊரு நோன்பு இருந்தா அதுங்களும் இருக்கணும். நமக்காவது கோஸ் இருக்குது. அதுங்க வாயில கோஸ் போவுமா? சாமி பேரைச் சொல்லி நாம விரதம் இருந்தோம், பட்டினி அந்தச் சின்னதுக்கு."

இத்தனை வருஷம் தன்னைச் சூரியன் என்று நினைத்திருந்தவர் டீயை ஆறவிட்டார். பக்கெட் எவ்வளவோ அவ்வளவு பருந்து. அது நிறையும்போது பிள்ளைகளைக் கூட்டிவிட்டு, அது காலியாகும்போது ஷட்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

அன்றைக்கே மாடிக்குப் போனார். ருக்மிணி கதவைத் திறந்து, ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

"சார், கூட்டம் போயிடுச்சு. இப்ப அடிக்கிறது அந்த ஜோடி மட்டும்தான். குஞ்சுக்காக அடிக்குது. அது பறந்துட்டா உங்க தலையோட அதுங்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது."

"எப்ப பறக்கும்?"

"ஈஸ்டர் வாக்குல. அதுவரைக்கும் காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி, சைட்டோட அந்தக் கோடி சுவத்துல வச்சிடறேன். வீசமாட்டேன். மணிக்குப் போடமாட்டேன். கூட்டம் வராது. பக்கத்துல கிடைச்சா உங்க வடைக்கு அதுங்க எதுக்கு வருது?"

சேஷகிரி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பறந்ததுக்கு அப்புறம்?"

ஆம்ப்ரோஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து ருக்மிணி கேட்டாள்: "ஈஸ்டருக்கு உங்க பக்கெட் ரொம்பிடுமே. மணி அடிச்சா கை சும்மா இருக்குமா?"

"இருக்கும்மா. அப்புறம் போடவே மாட்டேன்."

"எழுதிக் கொடு" என்றார் சேஷகிரி. "அக்ரிமென்ட்லயே ஒரு வரி சேர்த்துடறேன். ஆனா பறக்கணும். அது கூட்டுல உக்காந்திருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

படியிறங்கி வந்தவரிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் நெசமாவே தவக்காலம் இருக்கப் போறீங்க" என்றாள் குளோரியா. "கோஸ் தின்னதெல்லாம் கணக்குல சேராது."

காலையும் சாயங்காலமும் ஒரு பிடி சுவரில் ஏறியது. பொண்ணு வந்து எடுத்துக்கொண்டு போனது. ஆம்ப்ரோஸ் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார், கூடுமானவரைக்கும். ருக்மிணியும் கடலையைக் குறைத்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. காக்கைச் சோறு பழையபடி ஒரு பிடிக்கு வந்தது. காக்கைகள் இரண்டு நாள் கத்திவிட்டு வேறு தெருவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயின.

விசேஷம் என்னவென்றால், சேஷகிரியின் படுக்கையறை ஜன்னல் கூட்டுக்கு நேராக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று பார்க்க ஆரம்பித்தவர், பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. காலையில் கடைக்குப் போன் வரும்.

"ஆம்ப்ரோஸ், பழுப்புச் சிறகு வந்துடுச்சு."

"சரி சார்."

இன்னொரு நாள், "கிளைக்கு வந்து நிக்குது. காத்து பலமா அடிக்குது, விழுந்துட்டா?"

"விழாது சார், நகத்தால பிடிச்சுக்கும்."

"நீ சொல்லிடுவே. நேத்து சாயங்காலம் சுவத்துல கம்மியா வச்சியா? ரொம்ப நேரம் கத்துச்சு."

ஆம்ப்ரோஸ் போனைக் கையால் மூடிக்கொண்டு குளோரியாவைப் பார்த்தார். அவள், "பேரன் பொறந்த மாதிரி பேசறாரு" என்றாள்.

குருத்தோலை ஞாயிறு போயிற்று, பெரிய வியாழன் போயிற்று, குஞ்சு கிளையைவிட்டு நகரவில்லை. பெரிய வெள்ளி அன்றைக்குக் கோயிலில் மூன்று மணி ஆராதனையில் முழந்தாளிட்டிருந்தபோது ஆம்ப்ரோஸ் என்ன கேட்டுச் செபித்தார் என்பது பக்கத்திலிருந்த குளோரியாவுக்கு நன்றாகத் தெரியும். அது அன்றைக்குக் கேட்கிற சமாச்சாரம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கடை திறந்தபோது வரிசை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. நாற்பது நாள் பசி ஒரே காலையில் வந்து நின்றது. ஆம்ப்ரோஸ் வெட்டினார், வெட்டினார், நிமிரவே இல்லை. பத்து மணி வாக்கில் வரிசையில் ஒரு சலசலப்பு. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு சேஷகிரி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தால் அப்படியே வந்திருப்பார். ஆனால் உத்தியோகத்தில் கற்றுக்கொண்ட பழக்கத்தில் வரிசையிலேயே நின்றுவிட்டார்.

முன்னால் நின்ற லவினா ஆன்ட்டி ஒதுங்கி வழிவிட்டாள். "நீங்க முன்னாடி போங்க சார். ஸ்கின்னோடயா, ஸ்கின் இல்லாமயா?"

"பறந்துடுச்சு" என்றார் சேஷகிரி ஆம்ப்ரோஸைப் பார்த்து, துண்டுக்குள்ளிருந்து. "இப்பத்தான். ருக்மிணியும் பார்த்தா. கோயில் பக்கமா போய் ஒரு வட்டம் போட்டுட்டு, நம்ம டேங்க்குல வந்து இறங்குச்சு. இறங்கத் தெரியலை, வழுக்குச்சு. அப்புறம் மறுபடி பறந்துடுச்சு."

ஆம்ப்ரோஸின் கத்தி நின்றது.

"கையெழுத்துப் போட்டாச்சு. நீ போடு." ஃபைலை நீட்டினார். ஆம்ப்ரோஸ் கையைப் பார்த்தார். கை முழுக்கக் கோழி. குளோரியா ஃபைலை வாங்கி கல்லாப்பெட்டி மேல் பத்திரமாக வைத்தாள்.

"அந்த வரி?" என்று கேட்டாள்.

"இருக்கு. போடக்கூடாது." சேஷகிரி கொஞ்சம் தயங்கினார். "அதுங்களா வந்தா வரட்டும். மரம் என்னோடதுதானே. நான் மேலேர்ந்து பார்த்துக்கறேன்."

வரிசையில் பின்னால் ஒருவர், சார் ஆர்டர் சொல்லியாச்சா, நகரலாமா என்று கேட்டார். சேஷகிரி நகர்ந்தார். ஆம்ப்ரோஸுக்கு ஓடிப்போய் ஒரு தடவை மேலே பார்க்க வேண்டும் போலிருந்தது. லவினா ஆன்ட்டி பிரியாணிக்குத் துண்டு பெரிசாகப் போடச் சொன்னாள்; அவர் கத்தியை எடுத்துக்கொண்டார்.